படகுராணி பைரவியும் மாசாய் செல்லமும்

மலேசியாவின் மாசாய் ஊரில் சுகுமாறனைத் தெரியாதவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் சுகுமாறனைத் தெரிந்தவர்களில் கேப்டன் கார்வண்ணனைத் தெரியாதவர் ஒருவர்கூடக் கிடையாது. பேச்சுக் கொடுத்து ஐந்து நிமிடம் ஆவதற்குள் மனிதர் எப்படியாவது கேப்டனை உள்ளே இழுத்துவிடுவார். மழை கொட்டினால், "இதெல்லாம் ஒரு மழையா? உப்புத்தீவு மர்மத்துல கேப்டன் பாத்தாரே, அது மழை" என்பார். யாராவது மீசை வைத்துக்கொண்டு வந்தால் அதற்கும் கேப்டன்தான் அளவுகோல்.

கேப்டன் யாரென்று கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூரிலிருந்து வெளிவரும் வெண்சங்கு காமிக்ஸின் நாயகன். 'நீலமலர்' என்ற சரக்குக் கப்பலை ஓட்டிக்கொண்டு ஏழு கடலையும் சுற்றியவன். கூடவே உப்பிலி என்று ஒரு சமையல்காரன். பெயரில் இருக்கிற உப்பு சமையலில் இருக்காது. ஏறத்தாழ ஐம்பது வருடமாக, நூற்று எழுபத்தொரு புத்தகம் வந்திருக்கிறது. அத்தனையும் சுகுமாறனின் இரும்பு அலமாரியில், பிளாஸ்டிக் உறை போட்டு, எண் வரிசையில் நிற்கின்றன. கை கழுவித் துடைக்காமல் அவர் ஒன்றையும் தொடமாட்டார். பக்கத்தின் முனையை மடிப்பவனை மனிதனாகவே மதிக்கமாட்டார்.

உலு திராமுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் முடிவெட்டும் கடையில் முறை வருவதற்காகக் காத்திருந்தபோது முதல் புத்தகத்தைக் கையில் எடுத்தார். முறை வந்தது, போனது, இன்னும் நாலு பேர் முடிவெட்டிக்கொண்டு போனார்கள். இவர் தலை நிமிரவில்லை. அப்பா அய்யாவு வந்து காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனபோதுகூட முடி அப்படியேதான் இருந்தது. பிறகு பாசிர் கூடாங்கில் சமையல் எண்ணெய்த் தொழிற்சாலையில் முப்பது வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு, 'நீலமலர்' கப்பலில் மூட்டை அடுக்கியிருக்கும் விதம் தப்பு, அலை அடித்தால் சரிந்துவிடும் என்று தஞ்சாவூருக்குக் கடிதம் எழுதுவார். வாசகர் கடிதப் பக்கத்தில் நாலு தடவை அவருடைய கடிதம் வந்திருக்கிறது. ஒவ்வொன்றும் மூன்று வரி. அந்த நாலு புத்தகங்களுக்கும் உறை மட்டும் இரட்டை.

இந்த வீட்டில் இன்னொருவரும் இருக்கிறார். செல்லம். ஆயர் ஈத்தாம் ஊர்ப் பெண். ஜொகூர் பாருவில் ஓர் அச்சகத்தில் பதினைந்து வருடம் பள்ளிப் பயிற்சி நூல்களில் பக்க வரிசை சரிபார்த்தவர். மகள் ஷர்மினி பெரியவளான பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு, அடுக்குமாடிக் குடியிருப்புக்கு முன்னால் காலைக்கடை போட்டார். இட்லியும் உண்டு, தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கும் உண்டு. அவருடைய மிளகாய்ச் சம்பாலுக்காக வேலைக்குப் போகிறவர்கள் மோட்டார் சைக்கிளை வரிசை கட்டி நிறுத்துவார்கள். குரல் அப்படியொரு குரல். கடையில் அவர் "யாருக்கு முட்டை?" என்று கேட்டால் நாலாவது மாடியில் இருக்கிறவர்கள் "எனக்கு வேணாம்கா" என்று பதில் சொல்வார்கள்.

அந்த இரும்பு அலமாரியைச் செல்லம் திறந்ததே இல்லை. கேப்டனுக்கு அவர் வைத்திருக்கிற பெயர் 'மீசை வெச்ச சக்களத்தி'.

"சக்களத்தி பொம்பளையா இருந்தா ஒரு கை பாத்துருப்பேன். இவன் காகிதத்துல இருக்கான், என்னா செய்யிறது?" என்பார்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. இருபத்தொன்பது வருடத்துக்கு முன்னால், ஷர்மினி பிறந்த அன்று, ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் செல்லம் வலியில் கத்திக்கொண்டிருந்தார். வெளியே பெஞ்சில் புருஷனைக் காணோம். குழந்தை பிறந்தது, தாதி வந்து அப்பா எங்கே என்று கேட்டாள், அப்போதும் காணோம். செல்லத்தின் அம்மா அங்கம்மாதான் பேத்தியைக் கையில் வாங்கினார். எல்லாம் முடிந்து வெகுநேரம் கழித்து ஆள் வந்து நின்றார், கையில் 'உப்புத்தீவு மர்மம்' புத்தகத்தோடு. "நான் செத்துப் பொழைச்சுக்கிட்டுக் கெடந்தேன், இவரு கதைப் புத்தகம் படிச்சுக்கிட்டு இருந்தாரு" என்பது அன்றிலிருந்து அந்த வீட்டின் தேசிய கீதம். எந்தச் சண்டை எங்கே தொடங்கினாலும் அங்கே வந்துதான் முடியும். சுகுமாறன் ஒரு வார்த்தை பதில் சொன்னதில்லை. எழுந்து போய்த் தட்டுக் கழுவுவார்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் கேப்டனை எழுதி வரைந்த பெரியவர் காலமானார். தொடர் நின்றுபோயிற்று. சுகுமாறன் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. செல்லம் அந்த ஒரு வாரம் மட்டும் சக்களத்தியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. நல்ல மனுஷிதான், சொல்லப்போனால்.

போன வருடம் செய்தி வந்தது. பெரியவரின் சீடர்கள் சிலர் சேர்ந்து கேப்டனை மறுபடி கடலில் இறக்குகிறார்களாம். முதல் புதிய சாகசமே மலேசியாவில்தானாம். 'ஜொகூர் நீரிணையில் கேப்டன்'! மலேசிய வாசகர்கள் படகு, துறைமுகம், ஊர் முகங்கள் பற்றிப் படமும் குறிப்பும் அனுப்பி உதவலாம் என்று ஆசிரியர் கேட்டிருந்தார்.

சுகுமாறன் அப்போதுதான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். கேட்கவேண்டுமா? தன் கப்சாய் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மீன்பிடித் துறைக்குப் போய்ப் படமெடுத்தார். மாமியார் ஊர்ப் பக்கம் போனபோது ஆயர் ஈத்தாம் மண்பாண்டக் கடைகளில் ஆளுயரச் சாடிகளைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தார். கடைக்காரச் சீனர் இவர் மொத்த வியாபாரி என்று நினைத்து நாற்காலி போட்டு உட்காரவைத்தார். பிறகு எட்டுத் தாளில் கடிதம் எழுதினார். பழைய வாசகர்களின் வழக்கப்படி முதல் தாளின் தலையில், கோடு போட்டு, 'பிரசுரத்திற்கு அல்ல' என்று எழுதினார். ஏனென்றால் அந்தக் கடிதம் பாதிக்கு மேல் மூட்டையைப் பற்றியதும் இல்லை, சாடியைப் பற்றியதும் இல்லை. எழுத எழுத அது வேறு எங்கோ போய்விட்டது. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற, முகம் தெரியாத ஒருவரிடம் சொல்வது எளிதாக இருந்தது.

தபாலில் போட்டால் நாளாகும் என்று ஒவ்வொரு தாளையும் கைப்பேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். எட்டும் போய்ச் சேர்ந்தன. நீலக் கோடு இரண்டும் விழுந்தது. சுகுமாறன் நிம்மதியாகத் தேநீர் குடித்தார்.

ஒரு சனிக்கிழமை காலை. பத்திரிகைக் கடை அமானுல்லா கூப்பிட்டார். மாசாயில் தமிழ்ப் புத்தகம் என்றால் அவர் கடைதான். இருவரும் நாற்பது வருடச் சிநேகிதர்கள்.

"சுகு, ஒடனே கெளம்பி வா. ஒம் பொண்டாட்டி கையில பாராங்கோட நிக்கிறா."

பாராங் என்றால் புதர் வெட்டுகிற பெரிய கத்தி. செல்லம் காலைக்கடையில் அல்லவா இருக்கவேண்டும்? சுகுமாறன் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு பறந்தார்.

கடையில் செல்லம் இல்லை. அதாவது, இருந்தார். கல்லா மேல், புத்தம் புதிய அட்டையில், படகின் முனையில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, பாராங்கை ஓங்கிக்கொண்டு நின்றார். அதே கொண்டை. அதே இரட்டை மூக்குத்தி. இடது கன்னத்து மச்சம்கூட விடுபடவில்லை. கீழே சிவப்பு எழுத்தில், 'நீரிணையை நடுக்கும் படகுராணி பைரவி!'

"நானும் இத்தன வருஷமா புக்கு விக்கிறேன். தெரிஞ்ச மூஞ்சி அட்டையில வந்தது இதான் மொத தடவ" என்று அமானுல்லா வயிறு குலுங்கச் சிரித்தார்.

சுகுமாறனுக்கு உடனே புரிந்துவிட்டது. கோத்தா திங்கி வெள்ளத்தின்போது எடுத்த படம் அது. கோயில் பெண்களோடு சேர்ந்து செல்லம் சோறு ஆக்கி, படகில் ஏற்றிக்கொண்டு போனபோது எடுத்தது. கையில் இருந்தது சோற்றுக் கரண்டி. படகின் மூக்கு எப்படி வளைந்திருக்கிறது என்று ஓவியருக்குக் காட்டுவதற்காகத்தான் சுகுமாறன் அதை அனுப்பினார். ஓவியர் படகைப் பார்க்கவில்லை.

முதலில் அவருக்கு வந்தது பெருமைதான், பொய் சொல்வானேன். கேப்டன் கார்வண்ணனுக்கு எதிராக ஐம்பது வருடத்தில் எத்தனையோ வில்லன்கள் வந்தார்கள். இப்படி ஒரு முகக்களை யாருக்கும் இருந்ததில்லை. புத்தகத்தை முகர்ந்து பார்த்தார். பிறகு, வெண்சங்கு வாசகர்கள் எல்லோரும் செய்வதுபோல, கதையைத் தொடாமல் நேரே கடைசிக்குப் போய் வாசகர் கடிதப் பக்கத்தைத் திறந்தார்.

அறுபத்து மூன்றாம் பக்கமும் அறுபத்து நான்காம் பக்கமும் ஒரே கடிதம். அடியில், 'எஸ். சுகுமாறன், மாசாய், ஜொகூர்.'

"அலமாக்!" என்றார். மலாய்க்காரர்கள் தலையில் கைவைக்கும்போது சொல்வது அது.

கைப்பேசியை எடுத்து, அன்று அனுப்பிய முதல் தாளின் படத்தைத் திறந்தார். எல்லா வரியும் தெளிவாக இருந்தது, தலையிலிருந்த ஒரு வரியைத் தவிர. அந்த இடத்தில் அவருடைய கட்டைவிரல் கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தது.

அட்டைப் படத்துக்குச் செல்லம் திட்டுவார்; அது பழகிய விஷயம். கடிதம் அப்படியில்லை. இருபத்தொன்பது வருடமாகப் பூட்டி வைத்திருந்தது அதில் இருந்தது. அதைப் படித்துவிட்டால் பிறகு எந்த முகத்தோடு அந்த வீட்டில் தட்டுக் கழுவுவது?

"பாய், எத்தன காப்பி இருக்கு?"

"பத்து. பதினொண்ணு வந்துச்சு. உலு திராம் குணாளன் காலையிலயே ஒண்ணு தூக்கிட்டுப் போயிட்டான்."

"பத்தையும் கட்டுங்க."

வீட்டுக்கு வந்து, செல்லம் கடையிலிருந்து திரும்புவதற்குள், ஒன்பது புத்தகத்தைப் பின்னறையில் இருந்த பெரிய சட்டிக்குள் வைத்து மூடினார். தைப்பூசத்துக்குச் சோறு ஆக்குகிற சட்டி. வருடத்தில் ஒருமுறைதான் வெளியே வரும். குணாளன் கையில் ஒன்று இருக்கிறது, அவன் வாய் சும்மா இருக்காது, அட்டைப் படத்தை எப்படியும் மறைக்கமுடியாது என்று அவருக்குத் தெரியும். அதனால் பத்தாவது புத்தகத்தை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டார். கேட்டால் காட்டுவதற்கு ஒன்று வேண்டுமே.

சவரப் பிளேடு கையில் இருந்தது. ஐம்பது வருடமாக ஒரு பக்கத்தின் முனையைக்கூட மடிக்காத மனிதர். கண்ணை மூடிக்கொண்டு, அந்த ஒரு தாளை அடியை ஒட்டி அறுத்து எடுத்தார். அறுத்தபோது அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சிரிக்காதீர்கள், கேப்டனைப் படித்து வளர்ந்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, கடையில் சுகுமாறன் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தபோது குணாளன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். முப்பது வயது, தொழிற்சாலை மெக்கானிக், கேப்டன் ரசிகன். செல்லத்தைப் பார்த்ததும் நெற்றியில் கைவைத்து ஒரு சலாம் போட்டான்.

"படகுராணி அக்கா! நாசி லெமாக் ஒண்ணு, சம்பால் தூக்கலா."

"என்னாடா ஒளர்றே?"

அவன் கைப்பேசியில் அட்டைப் படத்தைக் காட்டினான். செல்லம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். வரிசையில் நின்ற ஏழெட்டுப் பேரும் எட்டிப் பார்த்தார்கள். "அண்ணே, அட்டைய விடுங்க, அந்த லெட்டரு…" என்று குணாளன் தொடங்கினான். சுகுமாறன் அவசரமாக இரண்டு பொட்டலத்தை அவன் கையில் திணித்து, "போயிட்டு வா தம்பி, சூடு ஆறிடும்" என்று ஏறக்குறைய தள்ளிவிட்டார்.

செல்லம் கரண்டியை மறுபடி எடுத்தார். கடை மூடுகிற வரைக்கும் முட்டை வேண்டுமா என்று கேட்டதுகூட மெதுவாகத்தான். நாலாவது மாடிக்காரர்கள் அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும், "எடுங்க" என்றார்.

சுகுமாறன் அறுத்த புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினார். செல்லம் அதை உடனே வாங்கவில்லை. சமையலறைக்குப் போய்க் கை கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு வந்து வாங்கினார். சுகுமாறன் அதைக் கவனித்தார். மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து, விரல் வைத்து வைத்துப் படிக்கத் தொடங்கினார். திட்டு எந்தப் பக்கத்தில் வரும் என்று எதிர்பார்த்துச் சுகுமாறன் வாசற்படி ஓரமாக நின்றார்.

பத்தாம் பக்கத்தில் முதல் சத்தம் வந்தது.

"பாராங்க இப்படியா பிடிப்பாங்க? இவ கையவே வெட்டிக்குவா."

பதினெட்டாம் பக்கத்தில், "இந்தச் சாடி எங்க ஊருச் சாடிதானே? காது சரியாப் போட்டிருக்கான்."

முப்பதாம் பக்கத்தில் படகுராணி பைரவி 'நீலமலர்' கப்பலில் ஏறி, உப்பிலி வைத்த குழம்பை ருசி பார்த்துவிட்டுக் கடலில் கொட்டினாள். செல்லம் தொடையில் தட்டிச் சிரித்தார். "நல்லா செஞ்சா!" பகல் ஒரு மணி ஆயிற்று. அடுப்புப் பற்றவைக்கவில்லை. சுகுமாறனுக்குப் பசித்தது, கேட்கிற தைரியம் இல்லை.

கடைசிக் கட்டத்தில் படகு இரண்டாகப் பிளந்து, பைரவி நுரைக்குள் விழுந்தாள். கை மட்டும் வெளியே தெரிந்தது, பாராங்கோடு. கீழே 'தொடரும்'. செல்லம் பக்கத்தைத் திருப்பினார், திரும்பவும் முன்னால் வந்தார், பின்னால் போனார். அவருடைய கட்டைவிரல் தானாகவே பக்கங்களின் ஓரத்தில் ஓடியது. பதினைந்து வருடப் பழக்கம். கண் பார்க்காவிட்டாலும் அந்த விரல் எண்ணும்.

விரல் நின்றது.

"அறுபத்திரண்டுக்கு அப்புறம் அறுபத்தஞ்சு. ரிஜெக்ட்."

"அச்சுல விட்டுப் போயிருக்கும்…"

"யாருகிட்ட கதை விடுறீங்க? மிஷின் விட்டா தாளே இருக்காது. இங்க அடி நிக்கிது பாருங்க. பிளேடு போட்டு அறுத்தது." நிமிர்ந்து பார்த்தார். "நீங்க ஒரு பக்கத்த அறுத்தீங்களா? நீங்களா?"

அந்த 'நீங்களா'வில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. சுகுமாறன் தலையைக் குனிந்துகொண்டார்.

"நல்ல காப்பி ஒண்ணு கொண்டாங்க."

"வேற இல்ல செல்லம்."

"சட்டிக்குள்ள என்னா இருக்கு? தைப்பூசத்துக்கு அப்புறம் நான் கவுத்து வெச்ச சட்டி. காலையில நிமிந்து உக்காந்து மூடி போட்டிருக்கு. தானா நிமிந்துக்கிச்சா?"

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? போய் எடுத்துக்கொண்டு வந்தார். கொடுத்துவிட்டுத் தட்டுக் கழுவப் போனார். கழுவத் தட்டு ஒன்றும் இல்லை. இன்னும் யாரும் சாப்பிடவில்லை. வெறும் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டு நின்றார்.

"தண்ணிய மூடுங்க. கேக்கணும்ல" என்று கூடத்திலிருந்து சத்தம் வந்தது. செல்லம் உரக்கப் படித்தார். எழுத்துக் கூட்டி, நிறுத்தி நிறுத்தி.

"அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு, நலம், நலமறிய ஆவல். இத்துடன் உள்ள படத்தில் படகின் மூக்கை ஓவியர் கவனிக்கவும். படகில் நிற்பவர் என் மனைவி செல்லம். அன்று தண்ணீர் வேகமாக ஓடியது. படகுக்காரர் வரமாட்டேன் என்றார். 'அப்படீன்னா துடுப்ப என்கிட்ட குடு' என்று என் மனைவி ஏறி நின்றார். இந்தப் படத்தை எடுத்தவன் நான். அதாவது நான் கரையில் நின்றேன் என்று அர்த்தம்.

"நான் எப்போதும் கரையில் நிற்பவன். என் மகள் பிறந்த அன்று கையில் உப்புத்தீவு மர்மம் இருந்தது. நான் படித்துக்கொண்டிருந்தேன் என்று வீட்டில் எல்லோரும் நினைக்கிறார்கள். மூன்றாம் மாடிக்குப் போகும்போது என் மனைவியின் குரல் கேட்டது. எனக்குக் கால் வரவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். முப்பத்தோராம் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் பார்த்தேன். ஓர் எழுத்துக்கூட உள்ளே போகவில்லை. அவர் செத்துப்போய்விடுவார் என்று நினைத்தேன். சத்தம் நின்றதும் செத்தே போய்விட்டார் என்று நினைத்தேன். அதைப் போய்ப் பார்க்கத் தைரியம் இல்லாமல்தான் வரவில்லை. கதை படித்தான் என்று திட்டுகிறார். பயந்தான் என்பதைவிட அது பரவாயில்லை என்று இன்றுவரை வாங்கிக்கொள்கிறேன்.

"ஐம்பது வருடமாகக் கேப்டனைப் படிக்கிறேன். ஆனால் தைரியசாலியை நான் நேரில் பார்த்தது என் வீட்டில்தான்."

அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஆசிரியரின் பதில் இருந்தது. அதையும் செல்லம் விடாமல் படித்தார். 'படகைவிடப் படகில் நின்றவரையே எங்கள் ஓவியருக்குப் பிடித்துவிட்டது. சகோதரி மன்னிக்கவேண்டும்.'

சுகுமாறன் சமையலறையை விட்டு வரவில்லை. செல்லம்தான் எழுந்து வந்தார், புத்தகத்தில் விரலை வைத்தபடி.

"எந்தப் படி?"

"ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல. திரும்புற எடத்துல."

"அங்க வரைக்கும் நான் கத்தினது கேட்டுச்சா?"

"கீழ ரோடு வரைக்கும் கேட்டுச்சு."

"உங்களத் திட்டினது?"

"எல்லாம் கேட்டுச்சு."

செல்லம் சிரிக்கப்போகிறாரா அழப்போகிறாரா என்று அவருக்குத் தெரியவில்லை. செல்லத்துக்கும் தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"தஞ்சாவூர்க்காரன்கிட்ட சொல்லத் தெரிஞ்சுச்சு. என்கிட்ட சொன்னா வாய் வெந்துருமா? எங்கம்மா சாகுற வரைக்கும் உங்களத் திட்டிக்கிட்டே செத்துச்சு."

செல்லம் அடுப்பில் சட்டியை வைத்தார், எண்ணெய் ஊற்றினார், முட்டையை உடைத்தார். தட்டில் சோறு போட்டு, காலைச் சம்பாலில் மிச்சமிருந்ததை முழுக்க அவர் தட்டிலேயே வழித்து வைத்தார். இருவரும் சாப்பிட்டார்கள். முடிந்ததும், "பேனா எடுத்துட்டு வாங்க" என்றார்.

"எதுக்கு?"

"லெட்டர் எழுதணும். நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. என் கையெழுத்து சரியா வராது."

சுகுமாறன் தாளை விரித்தார். போன கடிதத்தைப் போலவே தலைப்பில் 'பிரசுரத்திற்கு அல்ல' என்று எழுதப்போனார். செல்லம் அவர் கையைத் தட்டிவிட்டார். "அது வேணாம். போடட்டும்."

கடிதம் இப்படிப் போயிற்று. பாராங்கைப் பிடிக்கிற விதம் தப்பு, கட்டைவிரல் மேலே இருக்கவேண்டும். பைரவிக்குச் சேலை கட்டிவிட்டவன் சேலையே பார்த்ததில்லை போலிருக்கிறது. உப்பிலியை ஒரு மாதம் மாசாய்க்கு அனுப்பினால் சம்பால் கற்றுத்தருகிறேன். பைரவியைச் சாகடிக்கக்கூடாது, அவளுக்கு நீச்சல் தெரியும். சுகுமாறன் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டே வந்தார். செல்லம் கடைசிப் படத்தை மறுபடி விரித்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அவ தண்ணியில விழுறப்ப ஒங்க கேப்டன் படத்துலயே இல்ல."

"அடுத்த பாகத்துல வருவாரு."

"எங்கயாச்சும் பயந்துகிட்டு உக்காந்திருப்பாரு. அதையும் எழுதுங்க. பயந்தா தப்பில்லைன்னு எழுதுங்க. கை நடுங்குனாலும் பரவால்ல, நேரா அவ இருக்குற எடத்துக்கு வந்துரச் சொல்லுங்க. அவ திட்டத்தான் செய்வா. ஆனா, வந்துட்டானான்னுதான் அவ மொதல்ல பாப்பா."

சுகுமாறனின் பேனா தாளில் நின்றது. எழுத்து மங்கலாகத் தெரிந்தது.

"என்னா என்னையே பாக்குறீங்க?" என்றார் செல்லம். "எழுதுங்க லா."